நாலாவதாகப் பாடியவர்

சித்தப்பாவின் குரல் எங்கேயும் பதிவாகி இருக்கவில்லை என்பது, அவர் இறந்து ஒரு பனிக்காலம் கழிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. படங்கள் ஏராளமாக இருந்தன. வீடியோக்களும் இருந்தன. ஆனால் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் எடுக்கிற கலியாண வீடியோ, பிறந்தநாள் வீடியோ எல்லாவற்றிலும் மனிதர்களின் பேச்சை எடுத்துவிட்டு அதன்மேல் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். சித்தப்பா வாயை அசைக்கிறார், சிரிக்கிறார், யாருக்கோ கையைக் காட்டி எதையோ சொல்கிறார். கேட்பது என்னவோ வேறு யாருடையதோ குரல்.

சின்னம்மா பிக்கரிங் வீட்டில் தனியாக இருந்து அந்த வீடியோக்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்திருக்கிறார். பார்த்து முடித்த பிறகு எனக்குப் போன் எடுத்தார். சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு இந்த நாட்டில் எனக்கு இருக்கிற ஒரே மூத்த ஆள்.

"தம்பி, அந்தப் பாட்டு இப்ப போனிலை எல்லாம் இருக்குமாம். உன்ரை மகளைக் கூட்டிக்கொண்டு ஒருக்கால் வாவன்" என்றார்.

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குள் அந்தப் பாட்டு என்றால் ஒரு பாட்டுத்தான்.

நான் பேக்கரியில் பாண் அடுக்கும் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. மகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். மகள் இங்கே பிறந்தவள். சோபாவில் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் கால்களை மடித்து இருந்துகொண்டு பாட்டின் முதல் வரியைத் தட்டினாள்.

"அப்பா, இதை லைக், எல்லாரும் பாடியிருக்கினம். எந்த வேர்ஷன் வேணும்?"

"எல்லாத்தையும் போடு பிள்ளை" என்றார் சின்னம்மா.

அது எங்கள் ஊர்ப்பக்கத்துக் காதல் பாட்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற ஒருவன், வேலிக்கு வெளியே போகிற பெண்ணைப் பார்த்துப் பாடுவது. யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எவர் வேண்டுமானாலும் பாடலாம் போலிருக்கிறது. பழைய வானொலிப் பாடகர் ஒருவர் கரகரப்போடு பாடினார். ஒரு பெண் வயலினும் புல்லாங்குழலும் வைத்து இழுத்து இழுத்துப் பாடினார். சட்டையில் பூப்போட்ட நாலு பேர் கிற்றார் அடித்துக்கொண்டு பாடினார்கள். ஒரு பையன் போட்டி மேடையில் பாடினான். நடுவர் கண்ணைத் துடைத்தார். பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்து ஒரு பிள்ளை பியானோ வாசித்துக்கொண்டு பாடினாள். தமிழ் அவள் வாயில் கொஞ்சம் சறுக்கினாலும் நன்றாகத்தான் இருந்தது.

ஒவ்வொன்றும் தொடங்கும்போது சின்னம்மா முன்னால் குனிவார். இரண்டு சொல் வந்ததும் பின்னால் சாய்ந்துவிடுவார்.

"ஆரைத் தேடுறீங்கள் சின்னம்மம்மா? நேம் சொன்னால் நான் சேர்ச் பண்ணலாம்" என்றாள் மகள்.

"பேரைப் போட்டால் வராது பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.

மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு அவளிடம்கூட நீளமாகக் கதைக்க வராது. வீட்டுக்குப் போகும் வழியில் சொல்கிறேன் என்றேன். காரில் ஏறியதும் வீதியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். சண்டை நடந்ததால் பற்றரியையும் அரசாங்கம் உள்ளே வர விடாது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பாட்டுக் கேட்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் நிலத்தில் நிற்க வைப்பது. பின் சில்லில் டைனமோவை முட்டவிடுவது. டைனமோவிலிருந்து இரண்டு வயர் கசற் பெட்டிக்குப் போகும். நடுவில் ரேடியோ திருத்துகிறவர் ஏதோ ஒரு சின்னச் சாமானைப் பற்றவைத்துத் தந்திருப்பார். பெடலைக் கையால் சுற்றினால் பாட்டு வரும். சுற்றுவதை விட்டால் பாட்டுக்காரர் ஒரு பெருமூச்சோடு படுத்துவிடுவார்.

சுற்றுகிறவருக்குச் சங்கிலிச் சத்தமும் சொந்த மூச்சும் பாதிப் பாட்டை மறைத்துவிடும். அதனால் ஒருவர் கேட்க வேண்டுமென்றால் இன்னொருவர் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது. வீட்டில் அப்பா, அம்மா, சின்னம்மா, நான். ஒழுங்கை முடிவில் பெரியமாமா வீடு. பெரியமாமா அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்தவர். எங்கள் வீட்டு விடயங்களை அவர் வீட்டில் தீர்மானித்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து அறிவிப்பார்.

சின்னம்மாவுக்குக் கனடாவில் ஒருவரைப் பேசி வைத்திருந்தார்கள். குறிப்புப் பொருந்தி, படம் மாற்றி, எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் அகதியாகப் போன அவருக்கு அங்கே தங்குகிற பேப்பர் சரிவரவில்லை. வரும் வரும் என்று வருடங்கள் போயின. அவர் எழுதுகிற கடிதம் முறைப்படி பெரியமாமாவின் பெயருக்குத்தான் வரும். பெரியமாமா அதை எங்கள் முற்றத்தில் நின்று சத்தமாக வாசிப்பார். வழக்கு எந்த மட்டில் நிற்கிறது, பனி எவ்வளவு கொட்டுகிறது என்று இருக்கும். முடிவில், வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று இருக்கும். அந்த எல்லோரிலும் தன் பங்கு எவ்வளவு என்று சின்னம்மா யோசித்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நான் முத்திரையைக் கிழித்தெடுப்பதில் கவனமாக இருந்தேன்.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மூலம் ஒரு கசற் வந்து சேர்ந்தது. கனடாக்காரர் வீட்டாருக்கு அனுப்பியது. பின்னேரம் எல்லோரும் பின் விறாந்தையில் கூடினார்கள். நான் சைக்கிளைக் கவிழ்த்துச் சுற்றத் தொடங்கினேன்.

முதலில் ஒரு வானொலிப் பாடகர் பாடினார்.

வாய்க்கால் மாறிப் போற தண்ணி
வந்து சேரும் தோட்டத்துக்கு
வாசல் தாண்டிப் போற பிள்ளை
வருவியோ என் வீட்டுக்கு

பெரியமாமாவுக்கு நல்ல சந்தோசம். இளந்தாரியாக இருந்தபோது இறைப்புக்குப் போய்ப் பாடிய பாட்டு என்று சொல்லித் தொடையில் தாளம் போட்டார். அது முடிந்ததும் ஒரு பெண் குரல் வந்தது. வாய்க்கால் மாறிப் போற தண்ணி. பெரியமாமா தாளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அது முடிந்ததும் மேளமும் கிற்றாருமாக ஒரு கூட்டம் வந்தது. வாய்க்கால் மாறிப் போற தண்ணி.

"உதென்ன கூத்து? ஒரு பாட்டையே திருப்பித் திருப்பிப் பதிஞ்சு விட்டிருக்கிறான்" என்றார் பெரியமாமா. "கனடாவிலை வேறை பாட்டே இல்லையோ?"

"பதியக் குடுத்த கடைக்காரன் பேய்க்காட்டிப்போட்டான் போலை, அண்ணை" என்றார் அப்பா.

எனக்குக் கை நோகத் தொடங்கியிருந்தது. மூன்று பாட்டுக்கும் விடாமல் சுற்றியிருந்தேன். நிற்பாட்டச் சொல்வார்கள் என்று பார்த்தால் ஒருவரும் சொல்லவில்லை. நாலாவது தொடங்கியது. இதில் மேளம் இல்லை, குழல் இல்லை, ஒன்றுமே இல்லை. ஒரு ஆண் குரல் மட்டும். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆழமாக, ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்து வைத்துப் பாடியது. பின்னால் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. இரண்டு வரிக்குப் பிறகு எங்கிருந்தோ ஒரு மணி ஒருதரம் அடித்தது.

"உவன் ஆர், காய்ச்சல்காரன் மாதிரிப் பாடுறான்" என்று பெரியமாமா எழும்பிவிட்டார். "விடு தம்பி, காணும். கை முறியப்போகுது."

நான் சந்தோசமாக விட்டேன். குரல் இன்னும் ஆழத்துக்குப் போய் அடங்கியது. பெரியவர்கள் முற்றத்துக்குப் போய் உரத்தட்டுப்பாட்டைப் பற்றிக் கதைத்தார்கள். சின்னம்மா மட்டும் கசற் பெட்டிக்கு முன்னால் இருந்த இடத்திலேயே இருந்தார். முகத்தைக் காட்டவில்லை.

அடுத்த நாள் மத்தியானம், அம்மா படுத்த பிறகு, சின்னம்மா என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒருக்கால் சுத்துறியே?"

கசற்றைப் பேனையால் சுற்றி, நாலாவது பாட்டுத் தொடங்குகிற இடத்தில் சரியாகக் கொண்டுவந்து வைத்திருந்தார். நான் அப்போதுதான் சாப்பிட்டிருந்தேன். கையில் நல்ல பலம். மூச்சைப் பிடித்துச் சுற்றினேன். பெட்டிக்குள்ளிருந்து வந்தது வேறு ஆள். மெல்லிய குரல். யாரோ துரத்துவதுபோல அவசரப்பட்டு, கொஞ்சம் மூக்கால் பாடினார். நான் சிரித்துவிட்டேன். சின்னம்மாவும் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"உது அவர் இல்லை. நேற்றுப் பாடினவர் வேறை. நேற்றுச் சுத்தின மாதிரிச் சுத்து."

"நேற்று எனக்குக் கை நோ, சின்னம்மா."

"அப்ப கை நோகிற மாதிரிச் சுத்தடா ராசா."

மெல்லச் சுற்றினேன். ஆழமான ஆள் திரும்பி வந்தார். சின்னம்மா பெட்டியின் வாயருகில் காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

எந்த வேகம் சரியான வேகம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. முதல் மூன்று பாட்டுக்கும் மேளத்தைக் கேட்டு ஒருமாதிரிப் பிடித்துவிடலாம். நாலாவதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த ஒரு கசற்றில் இரண்டு பேர் இருக்கிறார்கள், வேகமாகச் சுற்றினால் ஒருவர் வருவார், மெல்லச் சுற்றினால் மற்றவர் வருவார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். சின்னம்மாவுக்கு மெல்லப் பாடுகிறவரைத்தான் பிடித்திருந்தது. எனக்கும் அவரைப் பிடித்தது, அவருக்குச் சுற்றுவது சுகம் என்பதால்.

மத்தியானங்கள் எல்லாம் அப்படியே போயின. நான் சுற்றுவேன். சின்னம்மா கேட்பார். ஒருதரம் முடிந்ததும் பேனையை எடுத்துத் திரும்பவும் பின்னால் சுற்றுவார். சில நாட்களில் ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு துண்டு பனங்கட்டி தருவார். அந்த ஆள் யார் என்று ஒருதரம் கேட்டேன். "ஒரு பாட்டுக்காரர்" என்றார்.

இப்படி இருக்கும்போது பெரியமாமா ஒரு வாத்தியாரைக் கொண்டுவந்தார். பக்கத்து ஊர், அரசாங்கச் சம்பளம், நல்ல குடும்பம். கனடாக்காரரைப் பார்த்துப் பார்த்து வயது போகிறது, அவர் இனி வருவார் என்பதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை, ஆகவே சின்னம்மா வாத்தியாருக்குச் சம்மதிக்க வேண்டும் என்று முற்றத்தில் வைத்து அறிவித்தார். அம்மா சின்னம்மாவைப் பார்த்தார். அப்பா வேலியைப் பார்த்தார்.

"நான் இருக்கிறன், அண்ணை" என்றார் சின்னம்மா. காத்திருக்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

"ஆருக்காக இருக்கிறாய்? இத்தினை வருசத்திலை உனக்கெண்டு ஒரு வார்த்தை சொன்னவனோ? எனக்கு எழுதுறான், பனி கொட்டுதாம். பனியையோ நீ கட்டப்போறாய்?"

சின்னம்மா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சைக்கிளைக் கவிழ்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நான் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்ததில்லை. சைக்கிளைக் கவிழ்த்தபோது கைபிடி சறுக்கி அப்பாவின் காலில் விழுந்தது. சின்னம்மா கசற்றைப் பேனையால் சுற்றிச் சுற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பெட்டிக்குள் போட்டார். நான் பெடலைப் பிடித்தேன். பெரியமாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் கையையே பார்த்தார். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பலங்கொண்ட மட்டும் சுற்றினேன்.

வந்தது வேகக்காரர். ஆட்டுக்குட்டி கத்துவதுபோலப் பாடினார். பெரியமாமா சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தும் முடியாமல் சால்வையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியதால் இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

அப்போது என் கைக்கு மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது. சின்னம்மாவின் கை. பெடலையும் என் கையையும் சேர்த்துப் பிடித்து, அவசரமில்லாமல் சுற்றத் தொடங்கினார். குரல் படிப்படியாக இறங்கி வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக நின்றார்கள். மணி ஒருதரம் அடித்தது. அன்றைக்குத்தான் மற்றவர்கள் நாலாவது பாட்டை முடிவுவரை கேட்டார்கள்.

வாய்க்கால் மாறிப் போற தண்ணி
வந்து சேரும் தோட்டத்துக்கு
கடல் தாண்டிப் போன பிள்ளை
காத்திருப்பான், வருவியோ

பாட்டு முடிந்த பிறகும் சின்னம்மா கையை எடுக்கவில்லை. வெறும் கசற் இரைந்துகொண்டு ஓடியது.

"தோட்டத்துப் பாட்டிலை கடல் எங்கையிருந்து வந்தது?" என்றார் பெரியமாமா. அவருக்கு அந்தப் பாட்டின் ஒவ்வொரு வரியும் தெரியும். சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்து, போய்க் கிணற்றடியில் கை கழுவு என்றார். என் கையில் ஒரு ஊத்தையும் இல்லை.

நான் திரும்பி வந்தபோது பெரியமாமா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியாருக்கு நான் சொல்லிப்போடுறன்" என்றார். படலையடியில் போய் நின்று திரும்பினார். "அவன் ஏன் பிள்ளை அவ்வளவு மெல்லப் பாடுறான்? அங்கை அவனுக்குச் சாப்பாடு ஒழுங்காயில்லையோ?"

நான் ரொறன்ரோவுக்கு வந்தது வெகுகாலம் கழித்து. அந்தக் கசற் அப்போது உலகத்தில் இல்லை. சின்னம்மா கொழும்புக்குப் போகும்போது அதைக் கொண்டுபோக விடவில்லை. வழியில் சோதனைச் சாவடிகளில் கசற்றைக் கண்டால் ஆயிரம் கேள்வி வரும். வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் நாங்கள் எல்லோரும் வீட்டையே விட்டு ஓடினோம். என் படிப்பும் அந்த ஓட்டத்தோடு ஐந்தாம் வகுப்பில் நின்றுபோனது.

இங்கே வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு உயரமான கட்டடத்தில் குடியிருந்தேன். லிப்டுக்குப் பக்கத்து வீடு. முதல் நாள் காலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வெளியே லிப்ட் வந்து நின்று மணி அடித்தது. கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பாட்டில் இரண்டாம் வரிக்குப் பிறகு அடிக்கிற மணி. பாட்டின் பின்னால் இரைந்தது அறையின் சூடாக்கி. அப்படியொரு அறையில், சாமான்கடையில் இருந்து கசற் பெட்டியை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, ஒருவர் தனியாகப் பாடியிருக்கிறார்.

அவர் ஏன் மற்ற மூன்று பேரையும் முன்னால் விட்டார் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒருவருடைய உதவியும் தேவைப்படவில்லை. நானும் அப்படிப்பட்ட ஆள்தான். நேராக வந்து என் மனதைச் சொல்லச் சொன்னால் செத்தாலும் வராது. நன்றாகப் பாடுகிற மூன்று பேரை முதலில் அனுப்பிவிட்டு, கேட்கிறவர்கள் அலுத்து எழும்பிப் போன பிறகு, இருந்த இடத்தைவிட்டு அசையாமல் இருக்கிற ஒருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி நாலாவதாக வந்து நிற்பேன்.

ஒரு கசற்றில் இரண்டு குரல் வந்தது எப்படி என்பது விளங்க இன்னும் சில வருடம் எடுத்தது. மகள் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு ஒரு பாடுகிற கரடிப் பொம்மை இருந்தது. பற்றரி இறங்க இறங்க அதன் குரல் தடித்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆனது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

சித்தப்பா இருந்த காலம் அது. அந்த வாரக் கடைசியில் பிக்கரிங்கில் சாப்பிடும்போது கரடியின் கதையைச் சொன்னேன். சின்னம்மா சிரித்தார்.

"உனக்கு இப்பதானே விளங்கினது? நல்ல கனமான குரல்காரன் எண்டு நம்பி வந்தனான் நான். உன்ரை கை நோவாலை ஏமாந்தது."

சித்தப்பா சோற்றிலிருந்து தலையை எடுக்காமல், தன் மெல்லிய, அவசரப்படுகிற குரலில், "தம்பி அண்டைக்கு வடிவாய்ச் சாப்பிட்டிருந்தால் எனக்குக் கலியாணமே நடந்திராது" என்றார்.

பிறகு ஒருவரும் அவரைப் பாடச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பாடியிருக்க மாட்டார். வாசலில் பனி தள்ளும்போது மட்டும் பாடுவார் என்று சின்னம்மா சொல்வார். உள்ளே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றால் வாய் அசைவது தெரியுமாம். கதவைத் திறந்தால் நிற்பாட்டிவிடுவாராம்.

அவர்கள் முதல்முதலாகப் பேசிக்கொண்ட நாளைத்தான் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

பேப்பர் சரிவந்து, சின்னம்மா யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போனபோது அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு துணைக்குப் போனார். வெள்ளவத்தையில் ஒரு தொலைபேசிக் கடை. வரிசையாகக் கண்ணாடிக் கூண்டுகள். வெளிநாட்டிலிருந்து குறித்த நேரத்துக்கு அழைப்பு வரும். பெயரைக் கூப்பிட்டதும் ஓடிப்போய்க் கூண்டுக்குள் நிற்க வேண்டும். எங்களைக் கூப்பிட்டார்கள். அம்மா வெளியே நின்றுகொண்டு, சின்னம்மாவோடு என்னையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். தனியாகப் பேசவிடுவது முறையில்லை என்று நினைத்திருப்பார். கூண்டுக்குள் இரண்டு பேருக்கு இடம் போதாது. என் தலை சின்னம்மாவின் முழங்கையில் முட்டிக்கொண்டிருந்தது.

சின்னம்மா போனைக் காதில் வைத்தார். புதுச்சேலை உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டு வந்திருந்தார்.

"ஹலோ" என்றார்.

போனுக்குள் ஒருவர் பேசினார். எனக்கும் நன்றாகக் கேட்டது. மெல்லிய குரல். அவசரப்பட்டு, கொஞ்சம் மூக்கால்.

"ஹலோ? ஹலோ? கேக்குதே? நான்தான் கதைக்கிறன். சுகமாய் வந்து சேர்ந்தனீங்களோ?"

சின்னம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"நீங்கள் ஆர்?" என்று கேட்டார்.

வெளியே அம்மா கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிலைமையைப் புரிந்துகொண்டுவிட்டேன். சின்னம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"சின்னம்மா, இது வேகமாய்ப் பாடுறவர். ஆள் மாறிப்போச்சுது. அங்கை சுத்துறவனை மெல்லச் சுத்தச் சொல்லுங்கோ."

சின்னம்மா என்னைக் குனிந்து பார்த்தார். அதுவரை அவர் முகத்தை நான் நேருக்கு நேர் பார்க்கவில்லை. முகத்தில் பவுடர் வியர்வையில் கோடு கோடாகப் பிரிந்திருந்தது. ஏதோ ஒரு கணக்கு அவருக்குள் முடிந்ததுபோல இருந்தது. என் தலையில் கையை வைத்தார்.

"அந்தப் பாட்டை ஒருக்கால் பாடுங்கோ" என்றார் போனுக்குள்.

"இப்பவோ? இஞ்சை ஆக்கள் நிக்கினம்."

"பரவாயில்லை. பாடுங்கோ."

பிறகு அந்த மெல்லிய குரல், ஆட்கள் கேட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு பாடுவதுபோல, ஓட்டமாக ஓடியது. கடல் தாண்டிப் போன பிள்ளை காத்திருப்பான் என்ற இடத்தில் மூச்சுப் போதாமல் தடக்கியது. வருவியோ என்று ஒருமாதிரி முடித்தது.

சின்னம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து, என் தலையிலிருந்த அவருடைய கைமேல் விழுந்து, அங்கிருந்து என் நெற்றிக்கு வந்தது.

"ஓம்" என்றார். "வாறன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவும் சின்னம்மாவும் முன்னால் இருந்தார்கள். அம்மா ஏதோ கேட்பதும் சின்னம்மா ஓம் ஓம் என்பதும் கேட்டது. சின்னம்மா அழுததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவருக்குப் பிடித்தது மெல்லப் பாடுகிறவரை. வந்தது மற்ற ஆள். பாவம், போன் துண்டிக்கப்போகிற அவசரத்தில் ஆள் மாறி ஓம் என்று சொல்லிவிட்டார். இனி மாற்றவும் முடியாது.

சின்னம்மாவைப் பற்றிக்கூட நான் அவ்வளவு கவலைப்படவில்லை. அவர் கனடாவுக்குப் போகிறார், பனியைப் பார்ப்பார். மெல்லப் பாடுகிறவரை நினைக்கத்தான் தாங்க முடியாமல் இருந்தது. அவ்வளவு மத்தியானங்களிலும் வருவியோ வருவியோ என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். அவர் எங்கேயோ ஒரு வாசலில் இன்னும் காத்துக்கொண்டிருப்பார். சின்னம்மா வரமாட்டார் என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.